குத்தாத குண்டூசி

மனைவிக்குத் தன்மேல் கோபம் என்பதை இஸ்திரிக்காரர் ஐயமறத் தெளிந்துவிட்டார். எதற்காகக் கோபம் என்பதுதான் எட்டவில்லை. நூற்கண்டுகளும் பொத்தான் பெட்டிகளும் அடுக்கிய சின்ன அறையில் தன் படுக்கையைக் கொண்டுபோய் விரித்து, "உங்க குறட்டை தாங்கல" என்ற ஒரு சொல்லோடு கதவைச் சாத்திக்கொண்டவள், மழைக்காலம் பாதி கழிந்தும் திறந்தபாடில்லை. அந்தக் குறட்டையோ மணநாள் தொட்டு அவர் விட்டுவரும் குறட்டை. இத்தனை காலம் தாங்கியவளுக்கு இன்று தாங்காமற்போவானேன்? கையிலிருக்கும் இஸ்திரிப்பெட்டி முன்னும் பின்னும் ஓடுவதைப் போலவே அவர் மனமும் ஓடிக்கொண்டிருந்தது.

தாம் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தார். சன்னலைத் திறந்துவைத்து ரொட்டியை நனையவிட்டது. அவளுடைய சித்தப்பா மகளின் கல்யாணத்தில், சாப்பிட்ட கையோடு முதல் வரிசையிலேயே உறங்கிப்போனது. அவள் வைத்த சூப்பில் உப்பு இல்லை என்று மூன்றாம் மனிதர் எதிரில் சொன்னது. எல்லாம் அன்றன்றைக்கே வசைவாங்கித் தீர்ந்த கணக்குகள். புதிதாக ஒன்றும் தட்டுப்படவில்லை.

அவருக்கு இஸ்திரி என்பதே பெயராகிவிட்டது. கீழ்த்தளத்தில் தையற்கூடம்; அதன் பின்புறம், கொதிகலன் இருமிக்கொண்டிருக்கும் ஆவியறை; அங்கேதான் அவருடைய வாழ்வு. மாடியில் இரண்டு படுக்கையறையும் ஒரு சமையலறையும் அந்தச் சின்ன அறையும். தையற்கூடத்துக்கு உரியவன் அவருடைய மைத்துனன். அவனை உலகம் மாஸ்டர் என்று அழைத்தது. அவர் மட்டும் மாப்ள என்றார்.

அந்த மாப்ள, தாயும் தந்தையும் மறைந்தபின் அக்காள் கையில், அதாவது இஸ்திரிக்காரரின் மனைவி கையில், வளர்ந்தவன். அவள் மணமாகி வந்தபோது கூடவந்த தகரப்பெட்டியைப் போல அவனும் வந்தான். அக்காளுக்கு அந்நாளில் நாடக அரங்கில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கூண்டின் சின்னத் துளை வழியே நாள் முழுதும் கையை நீட்டி நீட்டிக் காசு வாங்க வேண்டும். கடையில் வாங்கிய கோட்டு ஒவ்வொரு நீட்டலுக்கும் முதுகில் இழுத்தது. "கட்டிப்போட்ட மாதிரி இருக்குடா" என்று அவள் சலித்துக்கொண்டதைக் கேட்டு, தம்பி ஒரு கோட்டு வெட்டினான். அளவு நாடா எடுக்கவில்லை. சாயமிடாத கோராத் துணியை அவள்மேல் போர்த்தி, குண்டூசி குத்தி, உடம்பின் மேலேயே கத்தரியை ஓட்டினான். அக்காள் ஒரு சோப்புப் பெட்டியின்மேல் நின்றபடி உருளைக்கிழங்கு தோல் சீவினாள், அலமாரியின் மேல்தட்டிலிருந்து உப்பை எடுத்தாள், கொட்டாவி விட்டாள், சோம்பல் முறித்தாள். துணி அவள் பின்னாலேயே அலைந்து, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டது.

"ஸ்... குத்துதுடா."

"செத்தா போயிட்ட? நில்லு."

"நின்னா கிழங்கு யாரு சீவறது? உங்க மாமாவா?"

இதுதான் அந்த வீட்டில் ஓயாமல் ஒலித்த பாட்டு. ஆவியறையில் நிற்கும் இஸ்திரிக்காரர், தம் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு முறை இருமி வைப்பார்.

பாலாவி என்றும் பாம்பு உரித்த தோல் என்றும் மெல்லிய துகில்களை வியந்து பாடிவைத்த முன்னோர், அவற்றை உடுத்தியவள் கையைத் தூக்கிப் பரணிலிருந்து ஒரு பானையை இறக்கினாளா என்பதைப் பாடாமல் விட்டார்கள். மைத்துனனின் புகழ் அந்த விட்ட இடத்தில்தான் முளைத்தது. அரங்கின் தலைமை நடிகை ஒரு நாள் டிக்கெட் கூண்டின் முன் நின்று, உள்ளேயிருந்து நீண்ட கையையும் அதனோடு நீண்ட கோட்டின் கையையும் பார்த்து, "இந்தக் கோட்டு எங்க வாங்கினது?" என்று கேட்டாள். அவளுக்கொன்று தைத்தான். அவளைப் பார்த்தவர்களுக்குத் தைத்தான். பின் விளக்குகளும் மேடைகளும் வந்தன. வேற்றுநாட்டு இதழ்களின் அட்டையில் அவன் முகம் வந்தது. கூட்டாளி ஒருவர் வந்தார். மெழுகுபோல் வழவழத்த மரப்பொம்மைகளையும், மூங்கில்போல் உயர்ந்த பெண்களையும் கூடவே கொண்டுவந்தார்.

"மாஸ்டர், இனிமே இவங்க மேல வெட்டுங்க. உலகம் பூரா அப்படித்தான் வெட்றாங்க."

"உலகம் வெட்டட்டும். நான் எங்க அக்கா மேலதான் வெட்டுவேன்."

மரப்பொம்மைகள் ஆவியறைக்கு வந்து, இஸ்திரிக்காரரின் தொப்பியையும் குடையையும் தாங்கிநின்றன. ஓர் எளிய பெண்ணின் உடம்பிலிருந்து பிறக்கும் ஆடைகள் என்று கூட்டாளி அதையே விளம்பரமாக்கிவிட்டார். மைத்துனனும் தொலைக்காட்சியில் அமர்ந்து, "எனக்கு அளவு நாடான்னு தனியா ஒண்ணு இல்லீங்க. எங்க அக்கா உடம்புதான் என் நாடா" என்றான். அரங்கு கைதட்டிற்று. அவன் மேலும் சொன்னான்: "ஆரம்பத்துல அக்காவ ரொம்பக் குத்திடுவேன். இப்ப கை அவ்வளவு தேறிடுச்சு. இந்த ரெண்டு மூணு சீசனா ஒரு குண்டூசி அவங்க மேல பட்டதில்ல."

வீட்டில் எல்லோரும் கூடியிருந்து அதைப் பார்த்தார்கள். அக்காள் மட்டும் பாதியில் எழுந்து, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை என்பதைப் பின்னால் போன இஸ்திரிக்காரர் கண்டார். அப்போதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் பேட்டிக்குப் பின்வந்த பருவத்தில்தான் சரிவு தொடங்கியது. மேடையில் ஒரு குறையுமில்லை. ஆடைகள் பெண்கள்மேல் சிற்பத்தில் செதுக்கிய மடிப்புகளாக நின்றன. வாங்கிப் போனவர்கள்தாம் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பினார்கள். பியானோ வாசிக்கும் ஒருத்திக்குக் கை கடைசிக் கட்டை வரை எட்டவில்லை. குழந்தையைத் தூக்கக் குனிந்தவளுக்கு முதுகுத் தையல் விட்டது. உச்சமாக, அந்தப் பழைய நடிகையே ஒரு விருது விழாவில் மக்களை வணங்க இரு கையையும் உயர்த்தினாள். கோட்டு முழுதும் கைகளோடு கிளம்பிக் காதுவரை ஏறி நின்றது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட ஆமை போல் அவள் நின்ற கோலத்தை மறுநாள் உலகமே தன் கைப்பேசியில் பார்த்துச் சிரித்தது. கூட்டாளி விலகினார். மேடைகள் விலகின. தையற்கூடத்தில் வரிசையாக இருந்த இயந்திரங்களுக்கு உறைபோட்டு மூடினார்கள். எஞ்சியவள் ஒரே ஒரு வெட்டுக்காரி. வாய் ஓயாதவள் ஆதலால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

அடுத்த பருவத்துக்கும் மைத்துனன் வெட்டிப் பார்த்தான். அதுவும் அவ்வாறே ஆயிற்று. ஏன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. தோற்றவனுக்குத் தோல்வியின் காரணமாவது துணைநிற்கும். அவனுக்கு அதுவும் இல்லை.

ஒரு பகல். வெளியே மழை சரம்சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையைச் சுற்றி நால்வரும் இருந்தார்கள். அக்காள் வெங்காய சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"மாஸ்டர், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க," என்று ரேடியோ தொடங்கினாள். "துணி மேலதான் எனக்குச் சந்தேகம். இப்ப வர்ற பஞ்சு பஞ்சே இல்ல. எங்க வீட்டு மெத்தையிலயே..."

"துணிய மாத்திப் பாத்தாச்சு."

"நூலு?"

"நூலும் மாத்தியாச்சு."

"அப்ப கண்ணுதான். அந்தக் கூட்டாளி போறப்ப ஒரு பார்வ பாத்துட்டுப் போனாரு பாருங்க. நான் வாசல்ல நின்னேன். எனக்கே வயித்தக் கலக்கிடுச்சு."

"உனக்கு வயித்தக் கலக்கினது அவரு கொண்டுவந்த மீன் பப்ஸ்," என்றார் இஸ்திரிக்காரர். "ஒத்த ஆளா தட்டக் காலி பண்ணின."

"அண்ணே, நீங்க எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

மைத்துனன் சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். "நேத்து அக்காவ நிக்க வச்சு நாடாவால அளந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவ. தோள், மார், இடுப்பு எல்லாம் பழைய கோட்டு அளவேதான். ஒரு இழை கூடல, குறையல. அளவு சரி, வெட்டு சரி, தையல் சரி. அப்புறம் என்னதான் தப்பு?" தலையை நிமிர்த்தாமலே கேட்டான். "மாமா, நீங்க ஆவி எப்படி விடறீங்க?"

"எப்பவும் விடற மாதிரிதான்."

"அதிகமா விட்டா கைக்குழி சுருங்கும் இல்ல?"

 இஸ்திரிக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மாப்ள, நான் இந்தக் கையால..." என்று கையை நீட்டிக் காட்டினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள்.

ஓகோ, இதுதானா என்று அவருக்கு அப்போது தோன்றியது. தம்பியின் வாழ்வை நான் ஆவியில் வைத்துச் சுருக்கிவிட்டேன் என்று நினைக்கிறாள். அதனால்தான் கதவு சாத்தியிருக்கிறது. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதியும், கிடைத்த காரணம் இப்படிப்பட்டதாயிற்றே என்ற வேதனையும் ஒருங்கே வந்து, இரண்டில் எதை முதலில் படுவது என்று தெரியாமல் அவர் சூப்பைக் குடித்து முடித்தார்.

அன்று இரவு அந்தச் சின்ன அறையின் கதவருகே போய் நின்றார்.

"ஏம்மா."

"என்ன?"

"தூங்கிட்டியா?"

"தூங்கினா எப்படிங்க பதில் சொல்வேன்?"

"நான் ஆவிய அதிகமா விடல."

உள்ளே காலடி கதவருகே வந்தது. பின், "யாரு விட்டீங்கன்னு சொன்னா?" என்றாள்.

"உன் தம்பி கேட்டான்ல. நீ சன்னலப் பாத்த."

"மழ பேஞ்சுது. பாத்தேன்."

"கோவம் இல்லயே?"

"இல்ல."

"அப்பக் கதவத் தொற."

"நீங்க போய்ப் படுங்க. நாளைக்கு வேல இருக்கு."

"வேல எங்க இருக்கு? மரப்பொம்மைக்குத்தான் தொப்பி மாட்டணும்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் காதைக் கதவில் வைத்தார். சிரிப்பு கேட்கவில்லை. துணி உரசும் ஓசையும், அதன்பின், கனமான எதையோ கழற்றி வைத்தவர் விடும் பெருமூச்சும் கேட்டன. பகலெல்லாம் எந்தச் சுமையைச் சுமக்கிறாள் இவள் என்று எண்ணியபடி திரும்பிவந்தார். கோபமில்லை என்கிறாள், கதவையும் திறக்கவில்லை. கோபமிருந்தாலாவது தணிக்க வழி தேடலாம்.

மழை விடாத நாட்களில் அந்த வீட்டில் துணி காயும் ஒரே இடம் கொதிகலனின் பின்புறம். ஓட்டையொன்றிலிருந்து நீர் ஒழுகுகிறதா என்று பார்க்கக் குனிந்த இஸ்திரிக்காரர், ஒரு முற்பகலில், குழாய்க்கும் சுவருக்கும் இடையே செருகியிருந்த ஒரு பொருளைக் கண்டார். வெளியே இழுத்தார். பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டை. கழுத்திலிருந்து இடுப்புவரை வரும். தோளில் தடிப்பு, மார்பில் தடிப்பு, இடுப்பைச் சுற்றித் தடிப்பு. வெளிப்புறம் வழவழப்பான தோல்நிறத் துணி. கையால் தைத்தது, தையல் பொடிப்பொடியாக அழகாயிருந்தது.

மாப்ள ஏதோ புதிதாகச் செய்கிறான் என்றே அவருக்குப் பட்டது. குளிர்காலத்துக்கு ஒரு புது வகை. யாருக்கும் காட்டாமல் முயன்று பார்க்கிறான். அக்காள் கையால் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் மணம்கூட இருந்தது. இருக்காதா, அவள்மேல்தானே போட்டுப் பார்த்திருப்பான்.

ஆவியால் அழித்தவன் என்ற பழியை ஆவியாலேயே துடைக்க நேரம் வந்ததென்று அவர் பெட்டியைச் சூடேற்றினார். ஈரத்துணி விரித்து, பஞ்சு நசுங்காமல், மூச்சுவிடுவதைப் போல் ஆவியை விட்டு விட்டு எடுத்தார். குழந்தையைத் துவட்டும் மென்மையோடு ஓரங்களைத் திருப்பினார். அவ்வளவு கவனமாக அவர் எதையும் தேய்த்ததில்லை. பின்பு அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு தையற்கூடத்துக்குள் போனார்.

"மாப்ள, இது ஜெயிக்கும்."

மைத்துனன் வெட்டுமேசையில் வெற்றுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியோ கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா இது?"

"எங்கிட்டயே மறைக்கறியா? புது டிசைன்தானே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ரேடியோ இருக்கறதுதான் கவல."

"அண்ணே, என் வாய்..." என்று எழுந்தவள், அருகில் வந்து அந்தப் பொருளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மைத்துனன் அதை வாங்கி மேசைமேல் விரித்தான். உள்புறத்தைத் திருப்பினான். உள்ளே பல துணிகளின் ஒட்டுகள் இருந்தன. அக்காளின் பழைய பாவாடை ஒன்று. நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி ஒன்று. அந்தச் சட்டையைக் காணோம் என்று போன கோடை முழுதும் தேடியவர் இஸ்திரிக்காரர்.

"இது என் சட்ட," என்றார் அவர், எதையும் புரிந்துகொள்ளாமல்.

மைத்துனனின் விரல்கள் ஒட்டுகளின்மேல் நகர்ந்தன. அடியில் மெல்லிய ஓர் அடுக்கு, பழையது, வியர்வையில் மஞ்சளேறியது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் தடிப்பாக இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலிருந்தது புத்தம்புதிய பஞ்சு. மார்பின் பக்கத்தில் அவன் விரல் நின்றது. நகத்தால் கிளறி ஒன்றை இழுத்தான். நீலக் கண்ணாடித் தலையுள்ள குண்டூசி. அதன் பாதி உடல் துருவேறி இருந்தது.

"நம்ம குண்டூசி," என்றாள் ரேடியோ, மெல்ல.

அவன் துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அந்த ஊசியைத் தோளின் பஞ்சில் குத்தினான். தலைவரை இறங்கியது. மறுபடி இழுத்து வேறிடத்தில் குத்தினான். அங்கும் இறங்கியது. ஒருவரும் ஸ் என்று சொல்லவில்லை.

"கை தேறிடுச்சுன்னேன்," என்றான். "டி.வியில உக்காந்து சொன்னேன் மாமா. கை தேறிடுச்சுன்னு."

இஸ்திரிக்காரருக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சாத்திய கதவு. கழற்றி வைத்த பெருமூச்சு. ஊற்றிக்கொள்ளாத சூப்பு. கொஞ்ச காலமாகச் சோப்புப் பெட்டிமேல் நின்றவள் கிழங்கு சீவவில்லை, கொட்டாவி விடவில்லை. பஞ்சு நகர்ந்துவிடும் என்று தூணைப் போல நின்றிருக்கிறாள். தூணின்மேல் வெட்டிய துணிக்குக் கையைத் தூக்கத் தெரியுமா? அளவு நாடா பஞ்சையும் தசையையும் ஒன்றாகவே எண்ணிவிட்டது. எல்லாம் வந்து சேர்ந்தும், இவற்றுக்கெல்லாம் நடுவில் தம் மனைவி எங்கே இருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. நாள்தோறும் தொட்டு ஊசி குத்தியவன் அறியவில்லையே என்று மைத்துனன்மேல் சினம் வந்தது. ஒரே கூரையின்கீழ் உறங்கியவன் அறிந்தானா என்று அச்சினம் தம்மேலேயே திரும்பியது.

படியில் காலடி கேட்டது. அக்காள் இறங்கி வந்தாள். தடித்த சால்வையைப் போர்த்தியிருந்தாள். கொதிகலனின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. மேசையைக் கண்டதும் நின்றாள்.

"தேச்சு வேற வச்சிருக்கீங்களா," என்றாள் கணவரிடம்.

அவர் ஆம் என்று தலையசைத்தார்.

மைத்துனன் எழுந்து சால்வையை மெல்ல எடுத்தான். அவள் தடுக்கவில்லை. தொளதொளத்த சட்டைக்குள் இருந்த உடம்பு, காற்றுப் போன கூடாரத்துக்குள் நட்ட கழிபோல் நின்றது. கழுத்தின் கீழே காறையெலும்புகள் இரண்டும் தெரிந்தன. ரேடியோ முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்துக்கா?"

"தெரியலடா. பசி முதல்ல போச்சு. அப்புறம் இங்க ஒரு வலி." விலாவின் கீழே கையை வைத்தாள். "வரும், போகும். இப்ப போறதில்ல."

"ஏன் சொல்லல?"

"என்னத்தடா சொல்றது? நீதானே எப்பவும் சொல்வ, எங்க அக்கா உடம்புதான் என் நாடான்னு. நாடா சுருங்குதுன்னு யாருகிட்ட போய்ச் சொல்வேன்? இத்தன பேரு மிஷின்ல உக்காந்திருந்தாங்க. நான் எளச்சா எல்லாரும் எளைப்பாங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் பஞ்சு வச்சா அளவு நிக்கும். அளவு நின்னா வேல நிக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது."

"அளவு நின்னுதுக்கா," என்றான் அவன். "மத்ததெல்லாம் போச்சு."

"அதுதான் எனக்கும் புரியல. நான் அசையாமத்தானே நின்னேன். முன்னாடி அசையறேன்னு திட்டுவ. இப்ப நல்லா நின்னேன். ஏன் தப்பாப் போச்சுன்னு நானும்தான் இத்தன நாளா யோசிக்கிறேன்."

அவள் அதை மெய்யாகவே கேட்டாள். மைத்துனன் பதில் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றார் இஸ்திரிக்காரர்.

"உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா தெருவுக்கே தெரியும்."

"குறட்டன்னு சொன்னியே."

"குறட்டையும் நெசம்தான்."

நாளைக்கே மருத்துவரிடம் போகலாம் என்றான் தம்பி. இப்போதே போகலாம் என்றார் கணவர். தன் ஒன்றுவிட்ட அக்காவுக்கும் இப்படித்தான் இருந்து சரியாய்ப் போயிற்று என்று ரேடியோ ஒரு கதையைத் தொடங்கி, அந்த அக்காவின் கதை நடுவில் வேறுவிதமாகத் திரும்புவது நினைவுக்கு வரவே, பாதியில் நிறுத்தினாள். அக்காள் மறுத்துத் தலையசைத்தாள்.

"நான் வரல."

"ஏன்கா?"

"அங்கயும் ஒரு கட்டில் மேல ஏத்துவாங்க. கையத் தூக்கு, திரும்பு, மூச்ச இழு. ஆளாளுக்குத் தொட்டுப் பாப்பாங்க. நின்னது போதும்டா. அதுவும் இல்லாம..." என்று தன் சட்டையைப் பிடித்துக் காட்டினாள். "எதப் போட்டுக்கிட்டு வர்றது? இருக்கறதெல்லாம் பழைய அளவு. அந்தப் பஞ்ச மாட்டினாத்தான் எதுவும் பொருந்துது. மாஸ்டரோட அக்கா சாக்கக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு ஊரு சொல்லவா?"

  மைத்துனன் போய், மூலையில் கிடந்த சோப்புப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏறுக்கா."

"எதுக்கு? கடைக்குத்தான் பூட்டுப் போட்டாச்சே."

"கடைக்கு இல்ல. உனக்கு. முன்பக்கம் தொறக்கற மாதிரி. டாக்டரு ஒரு முடிச்ச அவுத்தாப் போதும், மத்தது மூடியே இருக்கும். நீ கையத் தூக்கினா இழுக்காது."

"டேய், நான் வரேன்னு சொல்லவே இல்ல."

"வர வேணாம். அளவு மட்டும் குடு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், மரப்பொம்மையின்மேல் மாட்டியிருந்த தம் தொப்பியை எடுத்து, மறுபடியும் அங்கேயே மாட்டினார். அதைக் கண்டு அவள் உதட்டோரம் சற்றே அசைந்தது. பெட்டிமேல் ஏறினாள். ஏறும்போது தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், முன்பெல்லாம் பிடித்ததில்லை.

ரேடியோ மாடிக்கு ஓடி ஒரு கூடை உருளைக்கிழங்கும் கத்தியும் கொண்டுவந்து, கேளாமலே அக்காளின் கையில் கொடுத்தாள். மைத்துனன் கோராத் துணியை உதறி அவள்மேல் போர்த்தினான். இஸ்திரிக்காரரால் அங்கே நிற்க முடியவில்லை. ஆவியறைக்குப் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். தேய்க்க எதுவும் இல்லை. வெற்றுப் பலகையைத் தேய்த்தார். மருத்துவர் என்ன சொல்லப்போகிறார், இவள் வருவாளா, வந்தால் அதன்பின் என்ன என்று ஒன்றும் அறியாதவராய், எதை வேண்டுவதென்றும் தெரியாமல், இறைவனே இறைவனே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடத்திலிருந்து கிழங்குத்தோல் சோப்புப் பெட்டிமேல் விழும் ஓசை கேட்டது. கத்தரி துணியில் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"ஸ்... குத்துதுடா."

அவர் கை நின்றது. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். பல ஆண்டுகள் பழகிய பாட்டு. அடுத்த அடி எதுவென்று சுவருக்கும் தெரியும். மைத்துனனிடமிருந்து அது வரவில்லை. கத்தரியும் ஓடவில்லை.

"என்னடா, மீதிய யாரு சொல்வா?" என்றாள் அக்காள்.

அவன் மூக்கை உறிஞ்சும் ஓசைதான் வந்தது.

 அதற்குமேல் அதைத் தாங்க இஸ்திரிக்காரரால் இயலவில்லை. அந்தப் பாட்டில் இருமுவதற்கு மட்டுமே இடம்பெற்றிருந்தவர், ஆவியறையிலிருந்தபடியே, உடைந்த குரலில் உரக்கச் சொன்னார்:

"செத்தா போயிட்ட? நில்லு."

கூடத்தில் ஒரு கிழங்கு உருண்டு விழுந்தது. பின் அவள் சிரித்தாள். மெலிந்த சிரிப்பு; நடுவில் வலியால் ஒரு முறை அறுந்து, மறுபடி தொடர்ந்தது.

"நின்னா கிழங்கு யாரு சீவறது?" என்றாள். "நீங்களா? வாங்க இங்க."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கிழங்கு சீவப் போனார்.